ஒரு ‘கட்டிங்’ மட்டும்… முடியுமா?

*குடியை விட்டவர் மறுபடி அளவோடு குடிக்கலாமா? மருத்துவ உலகம் அறுபது வருடமாகச் சண்டை போட்டுவரும் கேள்வி இது. ஆளுக்கு ஆள் பதில் மாறுவதுதான் சிக்கல்.*

2000, மார்ச் 25. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் இன்டர்ஸ்டேட் 90 நெடுஞ்சாலையில் ஒரு பிக்-அப் வண்டி தப்பான தடத்தில் ஏறியது. எதிரே வரும் வாகனங்களை நோக்கியே ஓடியது. நேருக்கு நேர் வந்த கார் ஒன்றில் மோதியதில், அதிலிருந்த 38 வயது அப்பாவும் 12 வயது மகளும் இறந்துபோனார்கள். பிக்-அப்பை ஓட்டிய பெண் பிழைத்தார். அவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.26 சதவீதம். சட்டம் அனுமதித்த அளவு 0.08.

‘குடிபோதையில் விபத்து, இருவர் பலி’ என்று உள்ளூர்ப் பத்திரிகையின் உள்பக்கத்தோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி. ஓட்டியவரின் பெயர் தெரிந்ததும் அமெரிக்கா முழுக்கப் பேச்சானது. ஆட்ரி கிஷ்லைன். ‘மாடரேஷன் மேனேஜ்மென்ட்’ என்ற அமைப்பை நிறுவியவர். குடியால் தொல்லைப்படுகிற எல்லோரும் அதை அடியோடு விட வேண்டியதில்லை, அளவுக்குள் கொண்டுவந்தால் போதும் என்று 1994இல் புத்தகம் எழுதி, குழுக்கள் கூட்டி, அந்த நாட்டின் சிகிச்சை உலகத்தையே சீண்டிப் பார்த்தவர்.

இரண்டு கட்சியும் கைகழுவிய வழக்கு

கிஷ்லைன் வகுத்த விதிகள் கறாரானவை. முதலில் 30 நாள் ஒரு சொட்டும் தொடக்கூடாது. அதன்பிறகு ஆண் என்றால் வாரத்துக்கு 14 டிரிங்க்குக்கு மேல் போகக்கூடாது. ஒரே நாளில் நான்கைத் தாண்டக்கூடாது. பெண்ணுக்கு வாரம் 9, நாளொன்றுக்கு 3. முற்றிய குடிநோயாளிகளுக்கு இந்த வழி பொருந்தாது என்றும் அந்த அமைப்பே சொல்லியிருந்தது.

விதியை எழுதியவருக்கே அது கட்டுப்படவில்லை. 2000 ஜனவரியில், தன்னால் அளவுக்குள் நிற்க முடியவில்லை, முழுமையாக விடும் வழிக்குப் போகிறேன் என்று உறுப்பினர்களுக்கு அறிவித்துவிட்டு, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) இயக்கத்தின் பக்கம் போனார். இரண்டே மாதத்தில் அந்த விபத்து.

உடனே ஆரம்பித்தது லாவணி. அளவுக் குடி என்பதே ஏமாற்று, அதற்கு இரண்டு உயிர் பலி என்றது ஒரு கட்சி. விபத்து நடந்தபோது அவர் எங்களோடு இல்லை, உங்கள் கூட்டங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்றது எதிர்க்கட்சி. எந்தச் சிகிச்சைமுறை மீதும் இதற்காகப் பழி போட முடியாது என்று நிபுணர்கள் பலர் கூட்டாக அறிக்கை விட வேண்டியிருந்தது.

கிஷ்லைனுக்கு நாலரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பலியான சிறுமியின் தாய் அவரைச் சந்தித்து மன்னித்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்கள். குடி மட்டும் கிஷ்லைனை விடவில்லை. 2014 டிசம்பரில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இந்த ஒரு வாழ்க்கையை வைத்து ‘முடியாது’ என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அவர் தொடங்கிய அமைப்பு இன்னும் நடக்கிறது. அதில் சேர்ந்து அளவுக்குள் நின்றவர்களும் இருக்கிறார்கள். அளவு பார்த்துத் தோற்ற பிறகு, ‘சரி, நமக்கு இது ஆகாது’ என்று அடியோடு விட்டவர்களும் இருக்கிறார்கள்.

லண்டனில் ஏழு பேர்

சண்டையின் மூலம் கிஷ்லைன் அல்ல. 1962இல் ஒரு லண்டன் மனநல மருத்துவர். மாட்ஸ்லி மருத்துவமனையில் குடிக்குச் சிகிச்சை பெற்றுப் போன 93 பேரை டி. எல். டேவிஸ் ஏழு முதல் பதினோரு ஆண்டுகள் வரை கவனித்துவந்தார். அதில் ஏழு பேர் சாதாரண மனிதர்களைப் போல அளவாகக் குடித்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, நன்றாகவே இருந்தார்கள். ‘ஒருமுறை குடிநோயாளி ஆனவர் ஆயுளுக்கும் தொடக்கூடாது’ என்பது அப்போது வேதவாக்கு. டேவிஸின் சிறிய கட்டுரைக்கு எதிராகக் கண்டனங்கள் குவிந்தன.

கதை அத்தோடு முடியவில்லை. அதே மருத்துவமனையைச் சேர்ந்த கிரிஃபித் எட்வர்ட்ஸ் அந்த ஏழு பேரையும் மறுபடி தேடிப்போனார். 1985இல் அவர் வெளியிட்ட முடிவு டேவிஸ் சொன்னதைத் தலைகீழாக்கியது. ஏழில் ஐந்து பேருக்குக் குடியால் பெரிய தொல்லைகள் வந்திருந்தன; டேவிஸ் கவனித்துவந்த காலத்திலேயும், அதன் பிறகும். தொல்லையில்லாமல் குடித்தவர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் ஆரம்பத்திலேயே ஆழமான அடிமை நிலைக்குப் போகாதவர்.

தொண்ணூற்று மூன்றில் ஏழு, ஏழில் இரண்டு, இரண்டில் ஒன்று என்று சுருங்கிய கணக்கு இது. அளவுக் குடியைப் பற்றிய பெரும்பாலான வாதங்களின் வரலாறும் இப்படிச் சுருங்கியதுதான். சுருங்கியதே தவிர, பூஜ்யம் ஆகவில்லை. கடைசியில் மிஞ்சிய அந்த ஒருவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மருத்துவமனைக்குள் ஒரு பார்

கலிஃபோர்னியாவின் பேட்டன் அரசு மருத்துவமனைக்குள் 1970 வாக்கில் ஒரு பார் கட்டினார்கள். நிஜமான கவுன்ட்டர், நிஜமான சரக்கு. உளவியலாளர்களான மார்க் சோபெல், லிண்டா சோபெல் தம்பதியின் ஏற்பாடு. குடிநோயாளிகள் அங்கே உட்கார்ந்து குடிக்கலாம். மடமடவென்று விழுங்கினாலோ, கலக்காமல் ‘ரா’வாக அடித்தாலோ, அளவைத் தாண்டினாலோ கையில் லேசாக மின்சார அதிர்ச்சி. போதையில் அவர்கள் உளறியதை வீடியோ எடுத்து, தெளிந்த பிறகு போட்டுக்காட்டினார்கள். தன்னைத் தானே அப்படிப் பார்ப்பது மின்சாரத்தைவிடப் பலருக்கு வலித்திருக்கும்.

பயிற்சி பெற்ற 20 பேரும், வழக்கமான ‘அடியோடு விடு’ சிகிச்சை பெற்ற இன்னொரு 20 பேரும் ஒப்பிடப்பட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்ததில் அளவுப் பயிற்சி பெற்றவர்களின் நிலைமை மேலாக இருந்தது. சோபெல் தம்பதி புகழ் பெற்றார்கள்.

1982இல் ‘சயன்ஸ்’ இதழில் குண்டு விழுந்தது. மேரி பெண்டரி தலைமையிலான குழு அளவுப் பயிற்சி பெற்ற 20 பேரைத் தேடிப்போய் எழுதியது: அளவுக்குள் நின்றவர் ஒரே ஒருவர். எட்டுப் பேர் கண்மண் தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆறு பேர் அளவுக் குடியைத் தலைமுழுகிவிட்டு, அடியோடு விட்டிருந்தார்கள். நான்கு பேர் குடி சார்ந்த காரணங்களால் செத்துப்போனார்கள். ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை. சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி வரை விவகாரம் போனது.

மோசடி என்ற பேச்சும் எழுந்தது. டொரன்டோவில் அமைந்த விசாரணைக் குழு ஆதாரங்களைப் பார்த்துவிட்டு, சோபெல் தம்பதி எதையும் திரிக்கவில்லை என்று சொன்னது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றைப் பலர் கேட்க மறந்திருந்தார்கள். ‘அடியோடு விடு’ சிகிச்சை பெற்ற இன்னொரு 20 பேர் என்ன ஆனார்கள்? அவர்களில் ஆறு பேர் செத்திருந்தார்கள்.

அந்த ஆறை மறைத்துவிட்டு நான்கை மட்டும் காட்டினால் ஒரு கதை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை. முற்றிய குடிநோய்க்கு இரண்டு வழியிலும் சாவு இருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: அமெரிக்கக் கணக்கெடுப்பு சொல்வது

2001-02இல் அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வில், ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாக இருந்த 4,422 பேர் கடந்த ஓராண்டில் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார்கள்.

● இன்னமும் அடிமை: 25 சதவீதம்
● ஓரளவு தேறியும் சில தொல்லைகள் மிச்சம்: 27.3 சதவீதம்
● தொல்லை இல்லை, ஆனால் அளவு மீறிய குடி: 11.8 சதவீதம்
● அளவுக்குள் குடிப்பவர்கள்: 17.7 சதவீதம்
● அறவே தொடாதவர்கள்: 18.2 சதவீதம்

மூன்று ஆண்டு கழித்து, தேறியவர்களில் எத்தனை பேருக்குத் தொல்லை திரும்பியது என்று பார்த்தார்கள். அளவு மீறிக் குடித்தவர்களில் 51 சதவீதம். அளவுக்குள் குடித்தவர்களில் 27.2 சதவீதம். அறவே தொடாதவர்களில் 7.3 சதவீதம்.

---

பெட்டிக்குள் ஒளிந்திருப்பது

மேலே உள்ள பெட்டியை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டும். ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்களில் ஆறில் ஒருவருக்கும் மேல் இன்று அளவாகக் குடிக்கிறார் என்பது உண்மை. மூன்றே ஆண்டில் அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் வழுக்கினார்கள் என்பதும் உண்மை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மருத்துவமனைக் கட்டிலில் எடுத்த கணக்கு அல்ல; வீடு வீடாக எடுத்தது. இருபது வயதில் நண்பர்களோடு சேர்ந்து நாசமாகி, கல்யாணம், வேலை என்று வந்ததும் தானாகத் தெளிந்தவரும் இதில் இருப்பார். சிகிச்சை வாசலை மிதிக்காதவர்கள் ஏராளம். மூன்று முறை ஐசியுவில் படுத்தவரோ, காலையில் ஒன்று போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்பவரோ, ‘ஆறில் ஒருவர் நான்தான்’ என்று இந்தக் கணக்கைக் கையில் எடுத்தால், தனக்குச் சேராத சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

நோயை அளக்கும் முறையும் இதை ஒட்டி மாறியது. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டது. இரண்டோ மூன்றோ இருந்தால் லேசு. நான்கைந்து என்றால் நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை. ‘குடிகாரன், குடிக்காதவன்’ என்ற இரண்டே பெட்டி போய், படிகள் வந்தன. கீழ்ப்படியில் இருப்பவருக்கு அளவு ஓரளவு கைகூடுகிறது. மேலே போகப் போக அது அரிதாகிறது. ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட் பாஸ்டன் பகுதி ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து எழுதியதும் இதைத்தான்: முற்றிய நிலைக்குப் போனவர்களில் நீடித்து நிற்பது அடியோடு விட்டவர்களே, அளவுக் குடி காலப்போக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

ஏ.ஏ. இயக்கத்தின் 1939ஆம் ஆண்டு நூலிலேயே ஒரு சுவாரஸ்யம் உண்டு. தன்னைக் குடிநோயாளி என்று நம்பாதவர் பக்கத்து மதுக்கடைக்குப் போய்க் குடித்து, சட்டென்று பாதியில் நிறுத்திப் பார்க்கட்டும் என்று அது யோசனை சொல்கிறது. அடியோடு விடச் சொல்லும் இயக்கத்தின் நூலே இப்படியொரு பரீட்சை வைத்திருப்பது அதன் எதிரிகள் பலருக்குத் தெரியாது. ஆதரவாளர்களும் சத்தமாகச் சொல்வதில்லை.

‘ஒரு சொட்டு பட்டால் போச்சு’

ஒரு வாய் பட்டதுமே உடம்புக்குள் ஏதோ சுவிட்ச் விழுந்து, மட்டையாகும்வரை நிறுத்த முடியாது என்பது பரவலான நம்பிக்கை. உளவியலாளர் ஆலன் மார்லாட் இதை 1973இல் சோதித்தார். ‘ருசி பார்த்து மதிப்பெண் போடுங்கள்’ என்று ஆட்களை அழைத்தார். சிலருக்கு ஓட்கா கலந்த டானிக் தண்ணீர், சிலருக்கு வெறும் டானிக். சூழ்ச்சி எங்கே என்றால், ஓட்கா குடித்தவர்களில் பாதிப் பேரிடம் வெறும் டானிக் என்றார்கள். வெறும் டானிக் குடித்தவர்களில் பாதிப் பேரிடம் ஓட்கா என்றார்கள்.

குடிநோயாளிகள் எவ்வளவு குடித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது கோப்பைக்குள் இருந்தது அல்ல. ‘ஓட்கா’ என்ற நம்பிக்கை. வெறும் டானிக்கை ஓட்கா என்று நினைத்தவர்கள் அதிகம் குடித்தார்கள். நிஜ ஓட்காவை டானிக் என்று நினைத்தவர்கள் குறைவாகக் குடித்தார்கள்.

இதை ‘அப்படியானால் குடிக்கலாம்’ என்று படிப்பவர்கள் உண்டு. மார்லாட் போன இடம் வேறு. நான்கு மாதம் தொடாமல் இருந்த ஒருவர் கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார். ‘விரதம் கெட்டுப்போச்சு, இனிமே எவ்வளவு குடிச்சா என்ன’ என்று அன்றிரவே பாட்டிலைக் காலி செய்கிறார். அவரைக் கவிழ்த்ததில் கிளாஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த மனக்கணக்குக்கும் உண்டு. அதனால் ஒரு சறுக்கலைச் சறுக்கலாகவே பார்க்கவும், மறுநாள் காலையே ஆலோசகரிடம் போகவும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் அவர். இன்று உலகெங்கும் மறுவாழ்வு மையங்களில் சொல்லித்தரப்படும் ‘ரிலாப்ஸ் தடுப்பு’ இதிலிருந்து வளர்ந்தது.

சறுக்கியவரை ‘எல்லாம் பாழ்’ என்று வீட்டார் கரித்துக்கொட்டும்போது அவர்களை அறியாமலே அதே கணக்கைத்தான் அவர் காதில் ஓதுகிறார்கள்.

குவார்ட்டருக்குள் அளவு எங்கே?

அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். நம்மூரில் அளவின் அலகு வேறு: குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீத வீரியம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால். நாலு டிரிங்க்கைத் தாண்டிவிடுகிறது. கிஷ்லைனின் விதிப்படி ஒரு ஆண் ஒரு நாளில் குடிக்கக்கூடிய உச்சவரம்பு ஒரே குவார்ட்டரில் உடைந்துவிடும். வாரம் முழுக்கச் சேர்த்தால் மூன்று குவார்ட்டரும் கொஞ்சமும்தான்.

‘நான் அளவாத்தான் சார் குடிக்கிறேன், தினம் ஒரு குவார்ட்டர்’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் அளவுகோலை விற்பனை பாட்டில் தீர்மானித்திருக்கிறது. கடை வாசலில் முன்பின் தெரியாத ஆளைப் பிடித்து ‘கட்டிங்’ போட்டால் ஆளுக்கு 90 மில்லி. இரண்டு டிரிங்க்குக்குச் சற்று மேல். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று கிட்டத்தட்ட மூன்று டிரிங்க். பீர்தானே என்பவர்கள் கவனிக்கலாம்.

இன்னொரு உள்ளூர்ச் சோதனையும் உண்டு. கார்த்திகை மாதம் மாலை போட்டதும் நாற்பத்தெட்டு நாள் சரக்கைத் திரும்பிப் பார்க்காதவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘மாலை போட்டப்போ நிறுத்தலையா? நினைச்சா என்னால முடியும்’ என்பது அவர்களின் அசைக்க முடியாத வாதம். அந்த நாட்களில் குடிக்காமல் இருப்பதற்கு ஊரே துணை நிற்கிறது: கழுத்தில் மாலை, ‘சாமி’ என்ற மரியாதை, கூட வரும் குழு. மாலையைக் கழற்றிய பிறகு ஒன்றோடு நிறுத்துவதற்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. தொடாமல் இருப்பது ஒரு திறமை; தொட்டுவிட்டு நிறுத்துவது வேறு திறமை. முதல் கிளாஸ் உள்ளே போனதும், நிறுத்து என்று சொல்லவேண்டிய மூளைதான் முதலில் மழுங்குகிறது.

தமிழ்நாட்டில் சிகிச்சை பெரும்பாலும் ‘அடியோடு விடு’ வழியில்தான் நடக்கிறது. அதற்கு ஒரு குடும்பக் கதையும் காரணம். சாந்தி ரங்கநாதனின் கணவர் டி. டி. ரங்கநாதன் 33 வயதில் குடிக்குப் பலியானார். சாந்தி அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஹேசல்டன் மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் சென்னையில் கணவரின் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அந்த அறக்கட்டளை நடத்துவதுதான் டிடிகே மருத்துவமனை. ஹேசல்டன் முறையின் அடித்தளம் ஏ.ஏ. இயக்கத்தின் பன்னிரண்டு படிகள். குடும்பத்தையும் சிகிச்சைக்குள் இழுத்துவரும் பழக்கம் இங்கே வேரூன்றியதில் அந்த மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. சாந்திக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றும், அதில் 2.9 கோடிப் பேர் அடிமை நிலையில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. சிகிச்சை வாசலுக்கு வருகிறவர்கள் இதில் சொற்பம். வருகிறவர்களும் முற்றிப்போய்த்தான் வருகிறார்கள். ஆகவே, வந்தவர்களிடம் மருத்துவர்கள் ‘தொடவே தொடாதே’ என்பதில் நியாயம் இருக்கிறது. ‘தொடவே கூடாது என்பார்கள், அதனால் போகமாட்டேன்’ என்று வெளியே நிற்கும் கோடிக்கணக்கான கீழ்ப்படி ஆட்களிடம் பேச இங்கே யாருமில்லை என்பதுதான் குறை.

பழைய டோஸ், புதிய உடம்பு

மதுவை விட்டு மற்ற போதைகளுக்கு வந்தால் கேள்வியின் முகமே மாறுகிறது.

வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் வகைப் போதைக்கு அடிமை. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த அடிமைகளில் பாதிப் பேர் அதை மறுபடி தொட்டார்கள். ஆனால் மூன்று ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் 12 சதவீதம் மட்டுமே. யாராலும் நம்ப முடியவில்லை. போர்க்களம் இல்லை, தெருமுனையில் மலிவுச் சரக்கு இல்லை, பழைய கூட்டாளிகள் இல்லை. பழக்கம் வளர்ந்த இடத்தை விட்டே ஆள் வெளியேறிவிட்டார். தான் குடித்த அதே தெருவுக்கு, அதே கடைக்கு எதிரே உள்ள வீட்டுக்குத் திரும்பும் நம்மூர் நோயாளிக்கு அந்த வசதி கிடையாது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் இன்னொரு பயங்கரம் உண்டு. சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். மனசு மட்டும் பழைய டோஸை ஞாபகம் வைத்திருக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அளவுமீறிய போதையால் சாகும் அபாயம் மற்றவர்களைப் போல 129 மடங்கு என்று கண்டது. ஆஸ்கர் வென்ற நடிகர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் இளவயதில் போதையை விட்டு இருபது ஆண்டுக்கு மேல் சுத்தமாக இருந்தவர். மறுபடி தொட்டார். 2014 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் வீட்டில் பிணமாகக் கிடந்தார். வயது 46. ஹெராயின் உட்படப் பல போதைகளின் கலவை.

இங்கே ‘அளவாக’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருவில் விற்கும் பொட்டலத்தில் எவ்வளவு வீரியம் என்பது விற்பவனுக்கே தெரியாது. மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் வேறு விஷயம், அது சிகிச்சை.

மாத்திரை வந்த பிறகு

மறுபடி மதுவுக்கு வருவோம். 1990களில் பின்லாந்தில் ஆராய்ந்த டேவிட் சின்க்ளேர் என்ற அமெரிக்கர் விசித்திரமான யோசனை சொன்னார். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை போட்டுக்கொள், பிறகு குடி. மது தரும் கிளுகிளுப்பை மாத்திரை மறித்துவிடும். சுகம் கிடைக்காத பழக்கம் மெல்லத் தேயும். பலருக்குக் குடி குறைந்தது, எல்லோருக்கும் அல்ல. 2013இல் ஐரோப்பாவில் நால்மெஃபீன் என்ற மருந்துக்கு, குடியை நிறுத்த என்றில்லாமல் ‘குறைக்க’ என்றே அனுமதி கிடைத்தது. அனுமதியோடு சேர்ந்த நிபந்தனை கவனிக்கத்தக்கது: குடியை நிறுத்தினால் உடல் நடுக்கம் போன்ற விலகல் அறிகுறிகள் வருகிறவர்களுக்கு இது இல்லை. மருந்துக் கம்பெனிக்கே யாருக்கு விற்கக்கூடாது என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நம்மூரில் பழகிய மாத்திரை டைசல்ஃபிரம். இதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துத் துவண்டுபோவார். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. நோயாளி சம்மதித்து, தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து இது. ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவரிலும் செல்போனிலும் விளம்பரம் வருகிற பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று விளம்பரம் சொல்வதில்லை. சாம்பாரில் கலந்து போடும் மனைவியின் தவிப்பு புரிகிறது. அந்தப் பொடி கொலைப்பழியில் முடியலாம்.

அளவு பார்ப்பது யார்?

மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய ஒருவர் ஆறு மாதம் கழித்து, ‘இனிமே சனிக்கிழமை மட்டும்’ என்கிறார். அந்த வாக்கியத்தோடு வீட்டில் ஒரு புதிய வேலை உருவாகிறது. பாட்டிலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது, சட்டைப்பையைத் தடவுவது, பேச்சில் நாக்கு குழறுகிறதா என்று காது கொடுப்பது. பெரும்பாலும் இந்த வேலை மனைவியின் தலையில் விழுகிறது. அப்பா வந்ததும் முகத்தைப் பார்த்தே கணிக்கும் பிள்ளை மீதும். ஆய்வுகளில் ‘அளவுக்குள் குடிப்பவர்’ என்று ஒரே வரியில் பதிவாகும் மனிதருக்குப் பின்னால் இப்படி இரண்டு மூன்று பேர் காவல் காக்கிறார்கள். அவர்களின் தூக்கத்தை எந்த ஆய்வும் எண்ணவில்லை.

அளவு பார்ப்பதே முழுநேர வேலையாகிவிட்டால், அந்த அளவு கைக்குள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் ஒரு கிளாஸ் பீரைப் பாதியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர் எந்த விதியையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை.

சிலருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கல்லீரல் சுருங்கியவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பிணிகள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், விலகலின்போது வலிப்பு வந்தவர்கள். அவர்களுக்கு ஒரே பதில்தான். உலக சுகாதார அமைப்போ 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி போய், ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டது.

மற்றவர்கள், முயன்றே தீருவேன் என்றால், அதை ரகசியமாக ஆரம்பிக்கக் கூடாது. சிகிச்சை தந்த மருத்துவரிடம் சொல்லி, எத்தனை மில்லி, எத்தனை நாள், எது நடந்தால் கைவிடுவது என்று முன்கூட்டியே எழுதி, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுதிய அளவு மூன்று முறை உடைந்தால் பரீட்சை முடிந்தது. இதைச் சொன்னால் மருத்துவர் திட்டுவாரே என்று தயங்குகிறவர்கள் உண்டு. திட்டுகிற மருத்துவரைவிட, நோயாளி மறைத்ததால் எதுவும் தெரியாத மருத்துவர்தான் ஆபத்து.

---

பெட்டிச் செய்தி: இன்றே நிறுத்துகிறேன் என்பவர்களுக்கு

தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், கடும் நடுக்கம் என்று முற்றலாம். இதில் உயிரிழப்பும் உண்டு. காலையில் கை நடுங்குகிறது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தது என்றால் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்: 14446.